ரயில்வே கேட்டில் காத்திருந்த கறிவேப்பிலை மரம்

கிழக்கு ரயில்வே கேட் அன்று பத்தேகால் மணிக்கு மூடியிருந்தது என்பதிலும், வண்டி வர இன்னும் நேரம் இருந்தது என்பதிலும், ஸ்கூட்டர்காரர்கள் வழக்கம்போலத் தலையைக் குனிந்து கட்டைக்கு அடியில் வண்டியைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போனார்கள் என்பதிலும், அப்படிப் போகாமல் வரிசையில் நின்று காத்திருந்தது அந்தக் கறிவேப்பிலை மரம் ஒன்றுதான் என்பதிலும் திருமழநல்லூரில் இன்றுவரை யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது.

மரம் ஒன்றரை ஆள் உயரம். தண்ணீரில் இறங்கும் பெண் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல வேர்களை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேர் இடுக்கிலிருந்து பழைய வீட்டு மண் உதிர உதிர நின்றது. அதன் பின்னால் முழங்கால் உயரத்தில் மூன்று பக்கக்கன்றுகள் நின்றன. மூன்றாவது நோஞ்சான், மூச்சு வாங்குவதுபோல இலையை அசைத்துக்கொண்டிருந்தது. கேட்கீப்பர் ஞானசிகாமணி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, “வண்டி போயிரட்டும்” என்று பொதுவாகச் சொன்னார். வண்டி வந்தது, போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். ரயிலில் இருந்து பார்க்கிறவர்களுக்கு மரங்கள் எப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆகையால் அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. கட்டை மேலே எழும்பியதும் மரம் தண்டவாளத்தைக் கடந்தது, நோஞ்சான் கன்று ஜல்லியில் தடுமாறியபோது நின்று பார்த்தது, பிறகு ரைஸ்மில் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிற்று.

“முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல என் கேட்டுக்கு மரியாதை குடுத்தது அது ஒண்ணுதான்யா” என்று ஞானசிகாமணி பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மரம் தேடிக்கொண்டு போனது செங்கமலத்தை. ஐம்பத்து மூன்று வயது. ஒன்றியப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாகச் சாம்பார் இறக்கிவிட்டு, அடுத்த நிமிஷம் மடிப்புக் கலையாத சேலையோடு வெளியே வரக்கூடியவள். பத்தொன்பது வருஷம் அவள் வடக்கு வீதியில் பூவராகன் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். பூவராகன் ஓய்வு பெற்ற சர்வேயர். மாவட்டத்து வயல்களையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர். தன் வீட்டில் மட்டும் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே உடைந்த ஓடும் காரைக்கட்டியும் கிடந்த ஒரு துண்டு இடத்தை அளக்காமல் விட்டிருந்தார். அந்தத் துண்டைத்தான் செங்கமலம் எடுத்துக்கொண்டாள்.

முதலில் கொத்தமல்லி போட்டாள். ஊரில் பாதிப்பேர் மல்லி விதையை முழுசாக மண்ணில் போட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று விதையைத் திட்டுவார்கள். அவள் விதையைத் தரையில் பரப்பிச் செங்கல்லால் மெல்ல உருட்டி, ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஒரு நாள் ஊறவைத்துப் போட்டாள், எட்டாம் நாள் மண் பச்சையாகப் புல்லரித்தது. சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுக் காம்பைத் தண்ணீர்த் தம்ளரில் நிறுத்தி, வெள்ளை வேர் கண்டதும் ஓட்டை வாளியில் ஊன்றினாள். கற்பூரவல்லி பெயிண்ட் டப்பாவில், தூதுவளை மதிலில் முள்ளும் பூவுமாக. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கறிவேப்பிலை.

அது வந்த கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் வடக்கு வீதிக்கு மதில் உயரம் குறைவு. குடிவந்த இரண்டாம் வருஷம் ஒரு காலையில் அவள் கணவன் சாரங்கன் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்க மறந்து வந்தான். ரசத்தை இறக்கிவைத்துக்கொண்டு அவள் ஒரு வார்த்தை சொன்னாள், அவன் ஒரு வார்த்தை சொன்னான், வார்த்தைகள் கறிவேப்பிலையை விட்டு எங்கெங்கோ போயின. கடைசியில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு “போறேன்” என்றான். இந்த ஊரில் சாவுக்குப் போகிறவன்கூட அப்படிச் சொல்லிக்கொண்டு போகமாட்டான். அவளும் கரண்டியைக் கீழே வைக்காமல் “போ” என்றாள். அவன் போனான். சூரத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பெல்லாரியில் பார்த்ததாக இன்னொருவர். ரசம் ஆறியது. அடுத்த மாதம் அவள் விரல் உயரக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றோரம் நட்டாள், இனி ஒரு கொத்து இலைக்காக யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று. புளித்த மோரும் அரிசி கழுவிய தண்ணீரும் குடித்து அது பதினேழு வருஷத்தில் வீதியின் குழம்புக்கெல்லாம் வாசனை கொடுத்தது. மதிலுக்கு அப்பாலிருந்து யார் கை நீண்டாலும் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தாள். அதிகம் நீண்டது பூவராகன் மனைவி குணவதியின் கை.

போன மே மாதம் பூவராகன் பின்கட்டுக்கு வந்தார். “ஏம்மா, பையன் கனடாவுலேருந்து வர்றேங்கிறான். குடும்பத்தோட. பின்கட்டு வேணும்.”

“சரி சார்” என்றாள். வாடகைக்கு இருப்பவர்களின் வாயில் அந்தச் சொல் எப்போதும் தயாராக இருக்கும்.

தட்டுவண்டியில் ஜாடிகளும் வாளியும் பெயிண்ட் டப்பாவும் ஏறின. கறிவேப்பிலையை அவள் பார்ப்பதைப் பூவராகன் பார்த்தார். “மண்ணுல வெச்சது மண்ணோடம்மா” என்றார். அது ஊர் வழக்கம்தான். சுவரில் அடித்த ஆணியும் தரையில் வைத்த மரமும் வீட்டுக்காரருக்கு. அவள் தகராறு பண்ணவில்லை. அடிமரத்தில் கைவைத்து நின்றாள். அப்போது அவள் நாக்கு, ஐம்பது வருஷமாகச் சொல்லிப் பழகியதைத் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

“ஒருநாள் வீட்டுக்கு வா, என்ன? ரயில்வே கேட் தாண்டி, ரைஸ்மில் சந்து, ரெண்டாவது மாடி.”

திருமழநல்லூரில் இதைச் சொல்லாமல் யாரும் யாரையும் விட்டுப் பிரிவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வார்கள், ஊசி போட்ட நர்ஸிடம் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரரிடம் சொல்வார்கள், யாரும் போவதில்லை, எல்லாரும் போவதென்றால் ஊரில் தம்ளர் போதாது. சொல்கிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். மரத்துக்குத் தெரியவில்லை. யாரும் அதனிடம் அதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை.

பதினோராம் நாள் கீழ்வீட்டுச் சைத்தூன் பீவி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அக்கா, ஒங்களைத் தேடிக்கிட்டு ஆளு வந்திருக்கு!”

“யாரு?”

“தெரிஞ்சவங்கதான். ஏறி வர்றாங்க. படி கொஞ்சம் ஒசரம், புள்ளைங்க வேற இருக்கு கூட.”

செங்கமலம் கதவைத் திறந்தாள். மரம் கடைசிப் படியில் நின்றது, உச்சிக்கிளை மேல்தளத்தில் இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது: உட்காரச் சொல்ல ஒரு பிடி மண் இல்லாத வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டோமே என்று. “வா” என்றாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேரில் ஊற்றினாள், பிறகு மோர். சைத்தூன் பீவி கன்றுகளுக்குத் தன் வீட்டுத் தண்ணீரை எடுத்துவந்தாள். பதினேழு வருஷத்தில் செங்கமலத்தைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

மரம் நடந்ததை ஊர் ஒரு பகலில் ஜீரணித்துவிட்டது. அதன் பிறகு வந்தவைதான் நாள் பிடித்தன. முதல் நாள் “மரம் வந்துச்சு” என்றவர்கள் மூன்றாம் நாள் “வந்திருக்காங்க” என்றார்கள். கூப்பிட்ட வீட்டுக்கு மெனக்கெட்டு நடந்து வந்தவரை அஃறிணையில் பேச நாக்கு கூசியது. சாப்பிடும்போது கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் பழக்கம் ஊருக்கே இருந்தது. இப்போது ஒதுக்கப்போன விரல்கள் நடுவழியில் நின்றன, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தன, பிறகு இலையை வாயில் போட்டு மென்றன. மென்ற பிறகுதான் அதற்கு இத்தனை ருசி உண்டு என்று பலருக்குத் தெரிந்தது. காய்கறிக்கடைகளில் கொசுறாகக் கடைசியில் விட்டெறியும் கறிவேப்பிலையை இப்போது முதலில் எடுத்து மேலே வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வாங்க என்று சொல்வதிலும் ஜாக்கிரதை வந்தது. டீக்கடையில் யாராவது அதைச் சொல்லப்போனால், “அண்ணே, மெதுவா, பின்னாடி புளியமரம் நிக்குது” என்று ஞாபகப்படுத்தினார்கள்.

சிலருக்கு வயிறும் எரிந்தது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருந்தவர்கள் தங்கள் மரங்களின் கீழ் நின்று, நான் நட்டேன், நான் உரம் வைத்தேன் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு மட்டை விழுந்தது, அவ்வளவுதான். “போயும் போயும் ஒரு வாடகைக்காரி வீட்டுக்கா?” என்று பெருமாள் கோயில் வாசலில் ஒரு அம்மாள் கேட்டது செங்கமலத்தின் காதுக்கு வந்தது. “ஆமா, வாடகை வீட்டுக்குத்தான். சொந்த வீட்டுக்காரங்க யாரும் கூப்பிடலையாம்” என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு அவள் தெருவில் நடந்தபோது, தலையில் தண்ணீர்க்குடம் இருப்பதுபோலக் கழுத்து நேராக நின்றது.

மஞ்சள் கயிறோடு வந்தவர்களைச் சைத்தூன் பீவி கீழேயே மறித்தாள். “கறிவேப்பிலை கேட்டு வந்தியா, வரம் கேட்டு வந்தியா? இலைன்னா மேல போ, வரம்னா வேற எடத்தைப் பாரு. அவங்களே படி ஏறுன களைப்புல இருக்காங்க.”

ஆனால் களைப்பு தீரவில்லை. அதைச் செங்கமலம் நான்காம் நாளே கண்டுகொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. துணி துவைக்கும் பெரிய தொட்டியில் ரைஸ்மில் பின்பக்கத்து மண்ணைக் கொட்டி, வேப்பம்பிண்ணாக்கு கலந்து மரத்தின் காலடியில் வைத்தாள். மரம் மரியாதைக்கு ஒரு வேரை உள்ளே விட்டது, எடுத்துக்கொண்டது. கட்டடத்தைச் சுற்றிலும் சிமென்ட், முற்றமே சிமென்ட், சந்துக்குப் போன வருஷம்தான் சிமென்ட் போட்டார்கள். கீழ் இலைகள் மஞ்சளாயின. காலையில் கதவைத் திறந்தால் படியில் இலை உதிர்ந்து கிடந்தது. நோஞ்சான் கன்று வெறும் குச்சியாக நின்றது.

இதற்கிடையில் பூவராகன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

“திருட்டுன்னு எழுதணும்னா தூக்கிட்டுப் போனவங்க ஒருத்தர் வேணும் சார். இது தானா நடந்து போயிருக்கு. காணாமப் போனவங்கன்னு வேணா எழுதிக்கறேன். வயசு சொல்லுங்க.”

“பதினேழு.”

“அப்ப மைனர். யாரு வளத்தாங்க?”

பூவராகன் எழுந்து வந்துவிட்டார்.

ஏழாம் நாள் அவரே வந்தார், கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு, இரண்டு மாடி ஏறிய மூச்சிரைப்போடு. வீட்டுக்கு வந்தவர் என்பதால் செங்கமலம் அவருக்கும் முதலில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார். அதற்குள் மூன்று தளத்து ஆட்களும் கைப்பிடிச் சுவரோரம் கூடிவிட்டார்கள்.

“இது கிணறு. இது மதில். கிணத்துக்குத் தெக்கே ஒன்பது அடி தள்ளி மரம். என் எல்லைக்குள்ள. பாரும்மா, கோடு போட்டிருக்கு.”

“அங்க இப்ப பள்ளம்தான சார் இருக்கு?” என்றாள் சைத்தூன் பீவி. “மரம் இப்ப எந்த எல்லைக்குள்ள நிக்குது? அதையும் அளந்துருங்க, சங்கிலி கொண்டாந்திருக்கீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது ஒரு இலை உதிர்ந்து வரைபடத்தின்மேல் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு ஒரு கொத்து முழுதாக, ஈர்க்கோடு. சிரிப்பு நின்றது. பூவராகன் அந்தக் கொத்தை எடுத்து விரலால் தடவினார், முகர்ந்து பார்த்தார். மாவட்டம் முழுக்க வயல்வரப்பில் நின்ற மனிதர் அவர்.

“ஏம்மா” என்றார், குரல் மாறியிருந்தது. “இதுக்கு மண்ணு வேணும்மா. செத்துரும்.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா வெச்சுக்கிட்டிருக்கே?”

“நான் எங்க வெச்சுக்கிட்டிருக்கேன்? கட்டியா போட்டிருக்கேன்? மண்ணு உங்ககிட்டதான் இருக்கு. கூப்பிடுங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க.”

பூவராகன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மரத்தைப் பார்த்து “வா” என்றார். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருப்பவனைக் கூப்பிடுகிற “வா” அது. மரம் அசையவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் தணிந்து, “வாயேன்” என்றார். ஓர் இலைகூட ஆடவில்லை. அவர் மறுபடி படியில் உட்கார்ந்தார்.

“அவனும் இப்படித்தாம்மா” என்றார், யாரைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. “ஒவ்வொரு தடவையும் ‘வர்றேன்பா’ன்னுதான் சொல்றான். பின்கட்டுக்கு வெள்ளையடிச்சு, புது ஃபேன் மாட்டி வெச்சிருக்கேன். இப்ப டிசம்பர்ங்கிறான். குணவதி தினம் பெருக்குறா.”

செங்கமலத்துக்கு அந்தக் கணம்வரை அவர்மேல் இருந்த கோபம் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே நின்றது.

“ஒங்க பேச்சுக்குத்தான் வந்துச்சு, நீங்கதான் அனுப்பணும் அக்கா” என்றார் முதல் மாடிக்காரர். “போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போயிரும்.”

“ஆமா, போன்னு சொல்லு” என்றது கூட்டம்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியாது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அதைக் கரண்டியும் கையுமாக ஒருமுறை சொல்லியிருந்தாள். அது அப்படியே பலித்தது. அதற்குப் பிறகு அவள் பூனையைக்கூட அந்தச் சொல்லால் விரட்டியதில்லை. இந்த மரமோ வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்கிற ஜென்மம். வா என்றால் ரயில்வே கேட்டில் நின்று வருகிறது. போ என்றால் போகும், பிறகு அவள் பெயர்கூட அதன் இலையில் இருக்காது. சொல்லாவிட்டால் இந்தப் படிக்கட்டிலேயே, தன் பேச்சை நம்பி வந்த பாவத்துக்கு, குச்சியாக நின்று சாகும். அவள் உள்ளே போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் ஆறிக் கிடந்தது.

வெளியே பூவராகன் வரைபடத்தைச் சுருட்டும் சத்தம் கேட்டது. தோற்றுப்போனவராக, எல்லார்மேலும் எரிச்சலாக, அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், வாய்ப்பழக்கத்தில் சொன்னார்.

“சரிம்மா. போயிட்டு வர்றேன்.”

செங்கமலம் நிமிர்ந்தாள்.

மனிதர் கோபமாகத்தான் போகிறார். திரும்பி வரும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனாலும் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இந்த ஊரில் பால்காரன் சொல்கிறான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டுச் சொல்கிறார்கள், அவளும் தினம் நூறு பேருக்குச் சொல்கிறாள். சொல்லிச் சொல்லி அந்த இரண்டு சொல் ஒன்றாக ஒட்டிப்போய், பின்பாதி தேய்ந்து, யார் காதிலும் விழாமல் கிடக்கிறது.

“நில்லுங்க சார்” என்று வெளியே வந்தாள். “உங்க கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?”

“ஏழு மணிக்கு. எதுக்கு?”

“இனிமே பூட்டக்கூடாது.”

“என்னம்மா பேசறே? திருடன் வருவான்.”

“இதுவரைக்கும் உங்க வீட்டுலேருந்து போனது மரம் ஒண்ணுதான், அதுவும் தானா போச்சு. பூட்டாதீங்க. இது எப்ப கெளம்பும்னு எனக்குத் தெரியாது. கெளம்புறப்ப வழி இருக்கணும். நீங்க சரின்னாதான் அனுப்புவேன்.”

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் போட்ட முதல் நிபந்தனை அது. பூவராகன் மரத்தைப் பார்த்தார், குச்சியாக நின்ற கன்றைப் பார்த்தார்.

“கொக்கி மட்டும் போட்டுக்கறேன்” என்றார். “கொக்கி எடுக்கத் தெரியுமா அதுக்கு?”

“ரயில்வே கேட்டுல நிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கொக்கி எடுக்கவா தெரியாது?” என்றாள் சைத்தூன் பீவி.

“தொறந்து கெடந்தா நல்லதுதான் சார்” என்றாள் செங்கமலம், மெதுவாக. “வர்றவங்க யாருக்கும் ஆகும்.”

அவர் தலையை அசைத்தார், இரண்டு தடவை.

அவள் மரத்தின் முன்னால் வந்து நின்றாள். கடைசிச் செம்பு மோரை வேரில் ஊற்றினாள், நோஞ்சானுக்கு இரண்டு மடங்கு. பட்டையில் கைவைத்து, மூன்று தளத்துக்கும் கேட்கும்படி, இரண்டு சொல்லையும் தனித்தனியாக, பின்னதை முன்னதைவிடக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

“போயிட்டு, வா.”

மரம் வேர்களைத் தூக்கிக்கொண்டது. ஒரு படி, இன்னொரு படி. கன்றுகள் பின்னால் குதித்து இறங்கின. பூவராகன் முன்னால் போய்த் தெருவில் வந்த மாட்டை விலக்கினார். கிழக்கு கேட் அன்று திறந்தே இருந்தது. ஞானசிகாமணி எழுந்து நின்று வழியனுப்பினார். கிணற்றுக்கு ஒன்பது அடி தள்ளியிருந்த பள்ளத்தில் மரம் இறங்கி நின்றபோது குணவதி இரண்டு கையாலும் மண்ணை அணைத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. பள்ளிக்கூடம் திறந்து செங்கமலம் சாம்பார் இறக்கினாள். மொட்டைமாடியில் தெர்மாகோல் பெட்டிகளில் மல்லி போட்டாள், புதினா வாளியை விட்டு வழிந்து தண்ணீர்க்குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கிற்று, மூன்று தளத்தின் துவையலும் அதில்தான். குணவதி வாரம் ஒருமுறை பள்ளிச் சமையல்கூடத்துக்கு வந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு இலையை வைத்துவிட்டு, “தளிர் விட்டிருச்சு” என்பாள். அடுத்த வாரம், “பூத்திருக்கு” என்பாள். “வந்து பாரேன்” என்பாள். செங்கமலம் போகவில்லை. வரச் சொன்னவள் அவள். அதற்குள் போய் எட்டிப் பார்ப்பது சொன்ன சொல்லைத் தானே நம்பாததுபோல இருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா. “என்ன, விருந்தாளி வரலியா?” என்று கேட்டார்கள்.

“வரும்.”

“எப்ப?”

“வரணும்னு தோணுறப்ப.”

கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் தினமும் படிக்கட்டைப் பெருக்கினாள். தினமும் ஒரு செம்பு மோரைப் புளிக்க வைத்தாள், மறுநாள் அதைக் கற்பூரவல்லிக்கு ஊற்றிவிட்டு வேறு வைத்தாள். சில பிற்பகல்களில், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காரும்போது, வா என்ற சொல்லைத் தான் சரியாகத்தான் சொன்னோமா, அழுத்தம் போதுமா என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குப் பக்கத்தில் பதினேழு வருஷத்துப் பழைய நினைப்பு ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் அவள் எழுந்து போகச் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, பத்தரை மணிக்குப் போன் அடித்தது.

“அம்மா, நான் ஞானசிகாமணி. கேட்டுல நிக்கிறாங்க.”

“யாரு?”

“நீங்க வரச் சொன்னவங்கதான். வண்டி வருது, போனதும் விட்டுர்றேன். ஸ்கூட்டர்காரன் ஒருத்தன்கூட இன்னிக்கு அடியில நுழையலம்மா. எல்லாரும் பின்னாடி வரிசையில நிக்கிறானுங்க.”

அவள் பதறவில்லை. கையைக் கழுவினாள், விசேஷத்துக்கு வைத்திருந்த பச்சைச் சுங்குடியைக் கட்டிக்கொண்டாள், கொசுவத்தை இரண்டு தடவை சரிபார்த்தாள். கீழே இறங்கியபோது சைத்தூன் பீவி முதல் ரைஸ்மில் ஆட்கள் வரை சந்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். வரும் என்று அவள் சொன்னபோது சிரித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். செங்கமலம் சந்து முனையில், வழிக்கு நடுவில், கையைக் கட்டாமல் நேராக நின்றாள்.

மரம் திரும்பி உள்ளே வந்தது. தளிரும் முதிர்ந்த இலையுமாக அடர்ந்து, கருநீலப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்க, கிளையில் ஒரு மைனாவைச் சுமந்துகொண்டு, ஈர மண் ஒட்டிய வேர்களைத் தூக்கி வைத்து, கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரியைப்போல நிதானமாக வந்தது. சந்து முழுக்கத் தாளிக்கிற வாசனை. செங்கமலம் அதைப் பார்த்தாள், தலையிலிருந்து வேர்வரை பார்த்தாள். பிறகு அவள் கண் மரத்தைத் தாண்டி, அதன் பின்னால், ரயில்வே கேட்டுப் பக்கம் தெரு வளைகிற இடத்துக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“யாரைப் பாக்குறீங்க அக்கா?” என்றாள் சைத்தூன் பீவி, தாழ்ந்த குரலில்.

“யாரையும் இல்ல. கன்னு எத்தனைன்னு எண்ணுறேன்.”

எண்ணினாள். போகும்போது மூன்று. நோஞ்சான் இப்போது எல்லாருக்கும் முன்னால், இடுப்புயரத்துக்கு, இலை மினுங்க வந்துகொண்டிருந்தது. கடைசியில், அம்மாவின் வேரைப் பிடித்துக்கொண்டு, விரல் உயரத்தில் புதிதாக ஒன்று. நான்கு.

இத்தனை நாளும் அந்த மரத்தை ஒருமையில் கூப்பிட்டவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஊர் கேட்கச் சொன்னாள்:

“வாங்க. எல்லாரும் வாங்க.”

மேலே, இரண்டாவது மாடியில், மோர் நன்றாகப் புளித்திருந்தது.